பந்து போகாத பக்கம்

அண்ணாவுக்கு,

நேரில் கதைக்க வந்தால் பாதியைச் சொல்லாமலே திரும்பிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை பார்க்கில் நீங்கள் பெடியளுக்கு அமெரிக்கன் ஃபுட்போல் பழக்கினீர்கள். வழக்கம்போல இடி வாங்கும் மெத்தையைப் பிடித்துக்கொண்டு எதிரணிக்காரனாக நின்றது நான். ஜெனாட் என்ற பெடியன் அசையவே இல்லை. "பந்து மற்றப் பக்கம் போகுது, எனக்கென்ன வேலை?" என்றான்.

நீங்கள் கத்தினீர்கள். "விசரா! பந்தோடை ஓடுறவன் பின்னாலை பார்க்கமாட்டான். துரத்துறவனுக்குக் குறுக்கை நீதான் போகவேணும். முதல் அடியைப் பந்து போற பக்கமா வை!"

அடுத்தநாள் சாப்பிடும்போது, திரும்பப் படிக்கப் போவதாக அப்பாவிடம் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது தெரியுமா?

"அப்ப எங்கடை சந்தைக் கடையிலை ஆர் நிக்கிறது? உன்ரை அண்ணனோ?" என்று அப்பா பாய்ந்தார்.

நீங்கள் இடியப்பத்தைப் பிசைந்துகொண்டு ஃபோனைப் பார்த்தீர்கள். நீங்கள் கொலிஜ் போகத்தானே நான் பள்ளியை விட்டு அந்தக் கடையில் நின்றேன்!

வாற சனி மெத்தை பிடிக்க வேறு ஆளைப் பாருங்கள். நான் லொங்குய் நகரில், பெரியவர்கள் படிக்கும் பள்ளியில் பெயர் பதியப் போகிறேன். அப்பா துரத்திக்கொண்டு வருவார். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

தங்கச்சி