சபீனாவாக நின்றவள்

மியூனிக், 1844

மார்ச் 4
இன்றும் ஓவியன் ஹேஃப்னர் முன்னால் சபீனாவாக நின்றேன். அந்தக் காலத்தில் ஸ்ட்ராஸ்பர்க் மாதா கோயிலுக்குச் சிலை செதுக்கிய பெண்ணாம். வெள்ளை உடுப்பு, அவிழ்த்துவிட்ட கூந்தல். புருஷனைப் புதைத்த ஈரம் காயவில்லை, எனக்கு இந்தக் கூத்து. ஆனால் கல்தச்சர் சங்கத் தலைவர் பிராண்டலிடம் எனக்காகப் பேசுகிறேன் என்றிருக்கிறான். முதலாளி செத்தால் விதவை வருஷத்துக்குள் கல்தொழிலாளி ஒருவனைக் கட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பட்டறையை மூட வேண்டும். சங்கத்துச் சட்டம். எனக்கு எவனும் வேண்டாம். உளி பிடிக்க எனக்கே தெரியும். பட்டறை வேண்டும்.

மார்ச் 11
சும்மா நிற்பதற்கா இவ்வளவு வலி?

மார்ச் 19
படத்தில் சபீனாவுக்கு அப்பனாக நிற்க ஓவியன் ஆள் கேட்டான். எங்கள் பட்டறையின் பழைய கல்தொழிலாளி, கிழவர் கோர்பினியனைக் கூட்டிப்போனேன். கல்தூசி நெஞ்சில் இறங்கியதிலிருந்து அவர் உளி பிடிப்பதில்லை. அப்பன் எதற்கு என்று ஓவியனைக் கேட்டேன்.

"பின்னால ஒரு ஆம்பளை நின்னாத்தாம்மா, இவ செதுக்குறதை ஜனங்க நம்புவாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 20
படத்தைத் திறந்தார்கள். பிராண்டல் அதன் முன்னால் நின்று கண்ணைத் துடைத்தார். அந்தச் சமயம் பார்த்து ஓவியன் என் பேச்சை எடுத்தான். பிராண்டல் என் பக்கம் திரும்பினார்.

"அது கதைம்மா. பட்டறைக்கு ஆம்பளை வேணும். நம்ம க்ஸாவர் இருக்கானே?"

க்ஸாவர் அவருடைய அக்கா மகன். என்னை அடுப்படியில் உட்கார்த்திவிட்டுப் பட்டறையை விழுங்கக் காத்திருக்கிறவன். ஓவியன் படத்துச் சட்டத்தைத் துடைக்கத் திரும்பிக்கொண்டான். படுபாவிகள் — செத்தவளைப் பார்த்து உருகுவார்கள், இருக்கிறவளைத் துரத்துவார்கள். நாசமாய்ப் போக.

ஏப்ரல் 21
கல்தொழிலாளி ஒருவன் என்றுதானே சட்டம்? எவன் என்று இல்லையே? விதவையைக் கட்டுகிறவன் வேலை செய்து காட்ட வேண்டும் என்றும் இல்லை.

ஏப்ரல் 22
கோர்பினியனிடம் கேட்டேன். இருமி முடிக்க வெகுநேரமாயிற்று.

"கட்டிக்கிட்டு நான் என்ன செய்யணும், முதலாளியம்மா?"

"பேரைக் குடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

"க்ஸாவர் அடிக்க வருவானே."

"வரட்டும். சுத்தியல் என் கையில இருக்கு."

மே 14
காலையில் கல்யாணம். கோர்பினியனுக்கு முதலாளிப் பட்டத்தைப் பிராண்டலே வாசிக்க வேண்டியதாயிற்று. முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது.

மே 17
கோர்பினியன் வாசல் வெயிலில் உட்கார்ந்து பீர் குடிக்கிறார். பிராண்டல் வந்து பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். முதலாளி எங்கே என்றார். வெளியே இருக்கிறாரே, அவரிடம் பேசுங்கள் என்று கதவைச் சாத்தினேன். சாயங்காலத்துக்குள் நான் செதுக்கும் மாதா சிலையின் கழுத்து முடிந்தது.