நூலக வாசலில் பதித்த கல்

மகளுக்கு அம்மா எழுதுவது. முட்டிவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்கவேண்டும். பேத்திக்கு இருமல் விட்டதா, வெந்நீர்தான் கொடு. நூலகக் கட்டடத்துக்கு நூறு வயது என்று சொல்லி வாசலில் சரித்திரக் கல் பதித்தார்கள், முப்பத்தொரு வருஷம் பெருக்கினவள் என்று என்னையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். முதலில் தானியக் கிடங்கு, அப்புறம் படைவீரர்கள் தங்கிய இடம், அப்புறம் நூலகம் என்று வாசித்தார்கள். கடைசி வரி, கலவரத்தன்று பெரிய நூலகர் இரும்பு ஷட்டரை இறக்கி ஓர் உயிரும் போகாமல் காத்தாராம். எல்லோரும் கைதட்டினார்கள்.

உன் அப்பா காய்ச்சலில் போனார் என்று உனக்குச் சொன்னேனே, அது பொய். நீ வயிற்றில் ஆறு மாதம், கலவரத்தன்று அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு நூலகத்துக்குள் போயிருந்தேன். அவர் பைண்டிங் போட்ட புத்தகங்களைப் பின்முற்றத்தில் காயவைத்திருந்தார், கம்பியோடு கூட்டம் சுவரேறிக் குதித்தது. புத்தகங்களை உள்ளே வீசிவிட்டு அவர் நுழைவதற்குள் நூலகர் ஷட்டரை இறக்கிவிட்டார். அடியில் உன் அப்பாவின் கை. "ஐயா, கை மாட்டியிருக்குய்யா, ஒரு சாண் தூக்குங்கய்யா" என்று நூலகர் சட்டையைக் கிழித்தேன். "ஒருத்தனுக்காக இருபது பேர் சாகணுமா, தள்ளு" என்று என்னை உதைத்துவிட்டு ஷட்டரின் அடிச்சட்டத்தில் ஏறி நின்றார். எலும்பு நொறுங்கியது. வெளியே கம்பி பதினேழு தடவை விழுந்தது, அதன்பிறகு உன் அப்பா கத்தவில்லை. நாலு விரல் உள்ளே கிடந்தது. தரையை நான்தான் கழுவினேன், வேறு யார் கழுவுவார். இருபது பேர் பிழைத்தது உண்மைதான், இல்லையென்று நான் சொல்லவில்லை. "வாயை மூடிக்கிட்டா பெருக்குற வேலை உனக்கே" என்றார் நூலகர், உன்னை வளர்க்கவேண்டுமே என்று மூடிக்கொண்டேன்.

விழாவில் எழுந்து நின்று, உன் அப்பாவும் ஓர் உயிர்தான், அதையும் கல்லில் போடுங்கள் என்றேன். இப்போது நூலகக் குழுத் தலைவராக இருக்கிற அந்த நூலகரின் மகன், "பாட்டி, நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இதெல்லாம், உட்காருங்க" என்று பல்லைக் காட்டினான். மறுநாள் காலையில் உன் அப்பாவின் சுத்தியலைக் கொண்டுபோய் அந்தக் கடைசி வரியைப் பொடிப்பொடியாக்கினேன், மற்ற வரிகளில் ஒரு கீறல் இல்லை. தடுக்கவந்த காவல்காரருக்கும் முழங்கையில் ஒரு போடு விழுந்தது, பாவம், நல்ல மனுஷர்.

நூலகர் மகன் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறான். அம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்று நீ ஒரு வரி எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவானாம், உனக்குப் போன் செய்வான், தேனாகப் பேசுவான். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து எழுதிவிடாதே. எழுதினால் நான் கண்ணால் பார்த்ததெல்லாம் கிழவியின் உளறலாகிவிடும், உன் அப்பா மறுபடியும் காய்ச்சலில்தான் சாவார். உள்ளே போட்டால் போடட்டும், நான் பார்க்காத உதையா.

நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல் நெடுங்காலம் வாழவேண்டும். அவன் கூப்பிட்டால் முடியாது என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிடு.

புத்தி தெளிவாக இருக்கும்
உன் அம்மா