எட்டுக்கு ஏழு அறையில் மீனாவின் கட்டில்

பிப்ரவரி 17, ஞாயிறு (1963)

காலையிலேயே வெயில். தகரக் கூரை எட்டு மணிக்கே படபடவென்று சத்தம். குழாய்த் தண்ணீர் அரை மணி நேரம். நாலு குடம், ஒரு வாளி.

தச்சு மிஸ்திரி ஒன்பதுக்கு வருகிறேன் என்றவர் பதினொன்றரைக்கு வந்தார். கட்டிலைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்ததை எங்கள் ஜங்லிகாட் குடியிருப்பு முழுவதும் பார்த்திருக்கும். நன்றாகத்தான் செய்திருக்கிறார். என் வீட்டுக்காரர் தன் மர மில்லில் சொல்லி வைத்து வாங்கிய படாக் மரத் துண்டுகள். நாலடி நீளம், சுற்றிலும் தடுப்புக் கம்பிகள், ஒரு பக்கம் இறக்கி ஏற்றுகிற மாதிரி. எல்லாம் சரி, அறைவாசலில்தான் நுழையவில்லை. நிமிர்த்தி, கவிழ்த்து, சாய்த்து, எல்லாம் பார்த்தாயிற்று.

"மரத்தை அளந்தேன் பெஹன்ஜி. கதவை அளக்கல."

நல்ல மிஸ்திரி. கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி, உள்ளே கொண்டுபோய் மறுபடி மாட்டினார். இனி உங்க புள்ளைக்குக் கல்யாணம் ஆகிறவரைக்கும் இது இந்த ரூமை விட்டு வராது என்றார். பிறகு என் வயிற்றை ஒரு பார்வை, மெதுவாக, "எத்தனை மாசம்?"

"பதினோரு மாசம்."

மனிதர் உளியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு விளக்கிச் சொன்னேன். வயிற்றில் இல்லை, என் கொழுந்தன் வீட்டில் பதினோரு மாசம் ஆன நாலாவது பெண், மீனா. சரோஜா, என் ஓரகத்தி, எங்களுக்கு வளர்க்கத் தருகிறாள். அவர் மானாமதுரைக்குக் கூட்டிவரப் போயிருக்கிறார். 23-ஆம் தேதி மதராஸில் கப்பல், 27 இங்கே தீவில். மிஸ்திரி தலையைத் தலையை ஆட்டினார். வார்னிஷ் வேண்டாம், பல் முளைக்கிற பிள்ளை கம்பியைக் கடிக்கும், தேங்காயெண்ணெய் தேய்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இவருக்கு ஆறு பிள்ளைகளாம். சொல்லும்போது சலிப்பு வேறு.

பிப். 18, திங்கள்

காலை முழுவதும் கட்டிலுக்கு எண்ணெய். துணியெல்லாம் சிவப்பு. கையும்.

அறை எட்டுக்கு ஏழு. ஒரு கதவு, ஒரு ஜன்னல். இதுவரை என் தையல் அறை. கட்டிலை எங்கே போடலாம் என்று பார்த்தது:

கதவை ஒட்டிய சுவர்: கதவு பாதிதான் திறக்கிறது. நான் பக்கவாட்டில் நுழைய வேண்டும். இன்னும் இரண்டு வருடத்தில் அதுவும் முடியாது.
இடது மூலை: மழை வந்தால் கூரை ஒழுகும் இடம்.
நடுவில்: அறை என்று ஒன்று இருக்காது.
ஜன்னல் பக்கம்: வெளிச்சம், காற்று, எல்லாம் உண்டு. ஆனால் அங்கே தையல் மிஷின்.

ஒன்பது வருடம் அந்த ஜன்னலில்தான் தைத்தேன். ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வேண்டும். மிஷினை அடுக்களைக்கு இழுத்துவிட்டேன். புகையில் கண் எரியட்டும். ஜன்னல் அவளுக்கு.

பக்கத்து வீட்டு வங்காளி, மாலதி தீதி எட்டிப் பார்த்தாள். காலையில் கட்டிலை ஒரு இடத்தில் பார்த்தாள், இப்போது வேறு இடத்தில். "ஃபிர் சே?" என்றாள், மறுபடியுமா என்று. "ஹான், ஃபிர் சே," என்றேன். எனக்கே சிரிப்பு.

பிப். 20, புதன்

கட்டிலுக்கு மெத்தை: இலவம்பஞ்சு, என் பழைய கல்யாணப் புடவை உறை. சின்ன அலமாரி (பிஸ்கட் பெட்டிதான், தட்டு அடித்தேன்). மேல் தட்டு சட்டை, நடுத்தட்டு துணி, கீழே கிலுகிலுப்பை, மரக்குதிரை. குதிரைக்கு வால் இல்லை. கொசுவலை தைத்தாயிற்று. ஆணி நாலு வேண்டும்.

சட்டை ஏழு தைத்தேன். அளவு தெரியாது. சரோஜா டிசம்பர் கடிதத்தில் "குண்டு" என்று எழுதியிருந்தாள், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தை இன்று மறுபடி படித்தேன். அக்கா, உங்களுக்குத் தராம யாருக்குத் தரப்போறேன், தை முடிஞ்சதும் பால் மறக்கடிச்சிடுறேன், அத்தானை வரச் சொல்லுங்க. கல்யாணமாகிக் காத்திருந்த என்னுடைய பன்னிரண்டு வருடத்துக்கும், வயிற்றில் தங்காமல் போன இரண்டுக்கும் சேர்த்து அந்த ஒரு வரி.

உண்மையை இங்கேயாவது எழுதலாம். நாலாவதும் பெண் என்று தந்தி வந்த அன்று அவர் தம்பிக்காக வருத்தப்பட்டார். நான் அடுக்களைக்குப் போய்ச் சந்தோஷப்பட்டேன்.

மாலதி தீதி வந்து கட்டிலைக் கையால் ஆட்டினாள். தடுத்தேன். வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது என்றேன். இது ஆடாத கட்டில்தானே என்றாள். இருந்தாலும்.

குழந்தை என்னை என்ன கூப்பிடும் என்று யோசனை. முறைப்படி பெரியம்மா. அந்தப் 'பெரி' தானாக உதிர்ந்துவிடும், பால் பல் மாதிரி.

பிப். 22, வெள்ளி

கப்பல் ஆபீஸ் வாசலில் பலகை. கூட்டம். மதராஸில் எஞ்சின் பழுது. 23 புறப்பாடு கிடையாது. அடுத்த தேதி மார்ச் 14.

பக்கத்தில் ஒருவர், "மெயின்லேண்டுல பஸ் ஏறற மாதிரி நினைச்ச நேரத்துக்குக் கப்பல் ஏறலாம்னு நினைச்சீங்களா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் விரல் விட்டு எண்ணினேன். பத்தொன்பது நாள்தானே, பன்னிரண்டு வருடம் காத்திருந்தவளுக்கு இது என்ன.

வழியில் ஆணி வாங்க மறந்துவிட்டேன்.

பிப். 25, திங்கள்

அவரிடமிருந்து தந்தி. அனைவரும் நலம். மீனா நலம். 14 புறப்படுகிறோம். 'றோம்' என்று பன்மையில்தான் இருக்கிறது. நாலு தடவை படித்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

மேகமே இல்லை. கிணறும் கலங்கல். மாலதி தீதி ஒரு வாளி கொடுத்தாள்.

கட்டிலை ஒரு சாண் நகர்த்தினேன். மாலை வெயில் முகத்தில் அடிக்கும் என்று தோன்றியது. நானே மெத்தையில் தலை வைத்துப் பார்த்தேன், கால் தரையில். வெயில் அடிக்கவில்லை. மறுபடி பழைய இடம். மாலதி தீதி இப்போது ஒன்றும் கேட்பதில்லை.

தையல் வேலை பாக்கி: ஓவர்சியர் வீட்டு ஜாக்கெட் மூன்று. அடுக்களையில் நூல் கோக்கவே கால் மணி நேரம். இருக்கட்டும்.

இந்நேரம் பால் மறந்திருக்கும். பால்பவுடர் டின் ஒன்று வாங்கி மூடி வைத்திருக்கிறேன்.

மார்ச் 18, திங்கள்

கப்பல் வந்தது.

குடை, காய்ச்சி ஆற்றிய தண்ணீர், ஒரு சட்டை, துண்டு. மாலதி தீதியும் கூட. கப்பல் துறையில் வெயில் கொளுத்தல். ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒரு தெலுங்குக் குடும்பம், கைக்குழந்தையோடு. ஒரு நிமிஷம் கையை நீட்டப் போனேன்.

அவர் இறங்கினார். ஒரு கையில் டிரங்குப் பெட்டி. இன்னொரு கையில் படுக்கைச் சுருட்டு. இரண்டு கையும் நிறைந்திருந்தது. அவருக்குப் பின்னால் பார்த்தேன்.

"பின்னால யாராவது தூக்கிட்டு வர்றாங்களா?"

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம் தனம்."

மாலதி தீதி, "பச்சி கஹான் ஹை?" என்று அவரைப் பார்த்துக் கேட்டாள். குழந்தை எங்கே. அவர் படுக்கைச் சுருட்டைத் தோளுக்கு மாற்றினார். அவள் என் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். வீடு வரைக்கும் அவள்தான் கொண்டுவந்தாள்.

சாப்பாடு போட்டேன். சாப்பிட்டார். அந்த அறைக்குள் போகவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

மில்லுக்குக் கிளம்புமுன் சொன்னார். நின்றுகொண்டே, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"சரோஜா வேப்பிலை அரைச்சுத் தடவி அஞ்சே நாள்ல பால் மறக்கடிச்சுட்டா. மதராஸ் கிளம்புற அன்னிக்குத்தான் கப்பல் இல்லைன்னு தெரிஞ்சது. அன்னிக்குச் சாயங்காலம் பிள்ளைக்குக் காய்ச்சல். திரும்பப் பால் குடுத்துட்டா. அப்புறம் பிள்ளையைக் குடுக்க மனசு வரல. விடு."

விடு என்றால் எதை விட?

எஞ்சின் ஓடியிருந்தால் இந்நேரம் மீனா மூன்று வாரமாக இந்த ஜன்னலில் இருந்திருப்பாள். யாரோ ஒரு மெக்கானிக் ஒரு திருகாணியைச் சரியாக முடுக்கவில்லை. அவனுக்கு எத்தனை பிள்ளைகளோ.

இல்லை, மெக்கானிக் என்ன செய்வான். சரோஜா சொன்ன சொல் என்ன ஆயிற்று? நாலாவதும் பெண்ணா என்று மூக்கைச் சிந்தியவள். மூன்று பெண்களை மடியில் வைத்துக்கொண்டு நாலாவதற்கும் கை நீட்டுகிறாள். இருப்பவளுக்கே இன்னும் இருக்கட்டும் என்று சாமிக்கும் தோன்றிவிட்டது. அழுதேன். குழம்பு அடிப்பிடித்தது.

மார்ச் 20, புதன்

அவர் மில்லுக்குப் போனதும் அந்த அறையில் போய் உட்கார்ந்தேன். ஏழு சட்டை. எடுத்தேன், மடித்தேன், வைத்தேன். நன்றாகத் தைத்திருக்கிறேன். எனக்கு நெஞ்சு வலிக்கிறது, சொல்ல வேறு வார்த்தை இல்லை. பார்க்காத ஒரு குழந்தைக்காக இப்படி வலிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மாலதி தீதி: கழற்றிவிடு, பார்க்கப் பார்க்கத்தான் கஷ்டம். அவள் கிழக்கு வங்காளத்தில் எதையெல்லாமோ விட்டுவிட்டு வந்தவள். அவள் சொன்னால் அதில் ஏதோ இருக்கும். ஆனால் கழற்றவில்லை.

சரோஜாவுக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். இங்கே எழுத முடியாததெல்லாம் அதில். உன் மற்ற மூன்றுக்கும் நல்ல இடம் அமையட்டும் என்று முடித்தேன். வாழ்த்து மாதிரி இருக்கும். அவளுக்குப் புரியும்.

மார்ச் 21, வியாழன்

நாளைக் காலை கப்பல் திரும்புகிறது. தபால் மூன்று மணியோடு சரி. மதியம் அவர் சாப்பிட வந்தபோது உறையை ஒட்டிக்கொண்டிருந்தேன். முகவரியைப் பார்த்தார். கை கழுவாமலே உட்கார்ந்தார்.

"என்ன எழுதுன?"

"எழுத வேண்டியதை."

"அவ மேல பழி போடாத தனம். அவ மனசு மாறல."

நான் பசையைக் கீழே வைத்தேன். இனி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பின்னால் மாற்றிச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க.

"காய்ச்சல் வந்து பால் குடுத்தது நிசம். ஆனா மறுபடி மறக்கடிச்சா. ரெண்டாவது தடவையும் வேப்பிலை. மதராஸ் வரைக்கும் ரயில்ல அவளே தூக்கிட்டு வந்தா. கப்பல் துறையில என் கையில குடுத்தா. அழல."

"என்ன சொன்னா?"

"ராத்திரி அம்மா காதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா. அக்காவைக் கம்மலைக் கழட்டிட்டுப் படுக்கச் சொல்லுங்க, கீறிடும்னா."

பசைக் கிண்ணத்தை மூடிவைத்தேன். அவரே சொன்னார்.

"கப்பல் படியில பாதி ஏறிட்டேன். பிள்ளை என் காதைத் தேடிப் பிடிச்சுது. பிடிச்சுப் பார்த்துட்டு விட்டுருச்சு. அந்தப் பக்கக் காதையும் பிடிச்சுப் பார்த்துச்சு. அதையும் விட்டுருச்சு. என்னால முடியல. இறங்கிப் போய்க் குடுத்துட்டேன்."

"அவ வாங்கிக்கிட்டாளா?"

"வேண்டாம்னா. ரெண்டு தடவை வேண்டாம்னா. அத்தான், அக்கா காத்துக்கிட்டு இருப்பாங்க, கப்பல் போயிரும் போங்கன்னா. நான்தான் அவ கையில வச்சுட்டு வந்துட்டேன்."

"எங்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"நீ அவளைத் திட்டுனா தாங்கிக்குவா, தூரத்துல இருக்கா. என்னைத் திட்டுனா, நாம ரெண்டு பேர்தானே இந்த வீட்டுல."

தட்டில் சோறு ஆறிப் போயிருந்தது. மோர் ஊற்றினேன். சாப்பிட்டுவிட்டு மில்லுக்குப் போனார். கடிதத்தை அடுப்பில் போட்டேன். தபால் நேரம் தாண்டிவிட்டது.

சரோஜா நல்லவள். அவர் நல்லவர். அவர் செய்ததுதான் சரி என்று மாலதி தீதி சொல்வாள், மிஸ்திரி சொல்வார், கேட்கிற யாரும் சொல்வார்கள். எனக்கும் தெரிகிறது. அவரிடம் சொல்ல மாட்டேன், இங்கே மட்டும்: நானாக இருந்தால் இறங்கியிருக்க மாட்டேன். இரண்டு காதையும் அது பிடித்துப் பார்த்து விட்டுவிட்டாலும், நாலு நாளும் கடலில் அலறிக்கொண்டே வந்தாலும், இறுக்கிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.