என் இடுப்பின் ஜாதகம்

பெப்ரவரி 9, திங்கள்

விடியலிலிருந்து தூறல். பல்லேபொல பஸ்ஸின் முதல் படியில் கால் வைத்தேன். இடது இடுப்பு 'கிறீச்'. மாத்தளை மாவட்டமே திரும்பிப் பார்த்தது. பதினான்கு வருடம் இந்தச் சக்கரவர்த்தியைச் சுமந்த செயற்கை மூட்டு! கண்டக்டர் மூட்டையைப் போல் தூக்கி ஏற்றினார். அவமானம்.

வாங்க: பல்பு, மிளகைப் பரப்பிக் காயவைக்கப் படங்கு, தைலம்.

பெப்ரவரி 11, புதன்

வெயில். கண்டி டாக்டர். துணைக்கு அக்கா மகள் வாசுகி. எக்ஸ்ரேயைக் காட்டி டா. சிங்களத்தில் விளக்கினார். உலோகத் தண்டு இம்மியும் அசையவில்லை. மேற்பூச்சைப் பற்றிக்கொண்டு எலும்பே வளர்ந்து ஒட்டிவிட்டதாம். யானை கட்டி இழுத்தாலும் வராது. தேய்ந்தது தண்டின் தலை உருளும் பிளாஸ்டிக் கிண்ணம் மட்டும்.

அதை மட்டும் மாற்றலாம், ஒரு வாரத்தில் வீடு. ஆனால் எந்தக் கம்பனி, எந்த அளவு என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முழுவதையும் கழற்ற வேண்டும். தண்டை எடுக்கத் தொடை எலும்பைப் பிளப்பார்கள். மூன்று மாதம் படுக்கை. மூட்டுப் போட்ட ஆஸ்பத்திரியோ மூடியாயிற்று.

"கார்டு ஒண்ணு குடுத்திருப்பாங்களே மாமா?" என்றாள் வாசுகி.

கொடுத்தார்கள். உலகிலேயே பத்திரமான இடத்தில் இருக்கிறது.

பெப்ரவரி 12, வியாழன்

சாமி அறை. அம்மன் படத்துக்குக் கீழே. ஒட்டியது என் பட்டத்து ராணி புஷ்பம். பதினான்கு வருடமும் வெள்ளி தவறாமல் சந்தனம், குங்குமம். கார்டு இப்போது ஒரு சிவப்பு அடை. கம்பனி பெயரில் முதல் எழுத்து தெரிந்தது. எண்ணில் பாதி. பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். மிச்சமும் பஞ்சோடு வந்துவிட்டது.

கத்தினேன். அலுவிகாரை வரை கேட்டிருக்கும். பேப்பருக்குப் பொட்டு வைத்த முதல் பெண் நீதான் என்றேன்.

புஷ்பம் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "பேப்பருக்கா வச்சேன்? ஒங்க காலுக்குத்தான் வச்சேன்."

தேங்காய் துருவிக் கொடுத்தேன். சரித்திரத்தில் முதல் தடவை.

படங்கு வாங்க மறந்தேன்.

பெப்ரவரி 14, சனி

மறுபடி மழை. வாசுகி கார்டைப் படம் பிடித்து டா.வுக்கு அனுப்பினாள். பதில்: போதாது. திறந்துதான் பார்க்க வேண்டும். தண்டின் கழுத்தில் எண் பொறித்திருந்தால் தப்பித்தேன். இல்லாவிட்டால் பிளப்பு.

எலும்பு ஒட்டிய அந்தப் பூச்சு இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று புஷ்பம் கேட்டாள். நாம் போன பிறகும் இருக்கும், சாம்பலில் பொறுக்கலாம் என்றேன். "வாயக் கழுவுங்க" என்றாள்.

பெப்ரவரி 18, புதன்

நாளை ஆபரேஷன். புஷ்பம் பை அடுக்குகிறாள். இடுப்பில் கட்ட எத்தனை சாரம் வைக்கட்டும், ஒரு வாரத்துக்கா மூணு மாசத்துக்கா என்கிறாள். யாருக்குத் தெரியும். எல்லாவற்றையும் வை என்றேன்.