நிலவறைப் பூட்டு

மங்காஃப், குவைத்
24.3.2003

அன்பு மகள் சுகந்தாவுக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகன் கிருபனும் அங்கே சுகமாக இருக்க நல்லூர் முருகனைக் கேட்டபடி எழுதுகிறேன். இங்கே ஒரு பயமுமில்லை என்று ரெலிபோனில் நான் சொன்னதெல்லாம் அப்பா பக்கத்தில் நின்றதால் சொன்ன பொய், அதுதான் இந்தக் கடிதம்.

பக்கத்து நாட்டில் சண்டை தொடங்கிவிட்டது, விஷவாயு ரொக்கெட் வரலாம், சைரன் ஊதினால் நிலவறைக்குள் போங்கள் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அப்பாவும் அப்படியே நம்பினார். தொண்ணூறில் அந்த நாட்டுப் படை இங்கே புகுந்தபோது உடுத்த உடுப்போடு ஓடித் திரும்பி வந்தும் அவருக்கு இது "எங்கட குவைத்"தானே, போன மாதம் தேசிய நாளுக்குப் பல்கனியில் கொடியும் கட்டினவர். வியாழன் மத்தியானம் சைரன் ஊத, சனமெல்லாம் இறங்கி ஓடினால் நிலவறைக் கதவில் பெரிய பூட்டு. கட்டடச் சொந்தக்காரர் தன் குடும்பத்துக்கு மட்டும் என்று பூட்டி, திறப்பையும் எடுத்துக்கொண்டு எல்லோருமாக லண்டன் போய்விட்டாராம், காவலாளி கலீல் ரஹ்மான் அழாக்குறையாகச் சொன்னான். மேல்வீட்டு ஜலஜா கைக்குழந்தையின் முகத்தை ஈரத் துவாயால் மூடிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் அப்பா, பஸ்ஸுக்குக்கூட வரிசை மீறாத மனுஷன், சுவரில் இருந்த தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிப் பூட்டை அடித்து உடைத்தார். எல்லோரும் உள்ளே போனோம், நல்லகாலம், ஒன்றும் விழவில்லை.

அடுத்த நாள் சொந்தக்காரரின் தம்பி வந்து சத்தம் போட்டார். நானும் இந்த நாட்டில்தானே இருக்கிறேன் என்று அப்பா அரபியில் சொன்னார். அந்தாள் சிரித்துவிட்டு, கலாஸ், கதை முடிந்தது, பயமென்றால் உன் நாட்டுக்குப் போ என்றார். எந்த நாட்டுக்கு என்று நான் படியில் நின்று கேட்டேன், தமிழில் கேட்டதால் அவருக்கு விளங்கவில்லை.

அதைவிட எனக்கு எரிச்சல் உன் அப்பாவில்தான். "ஒராள் சொன்னா நாடே சொன்ன மாதிரியோ, பத்மா?" என்று எனக்குப் படிப்பிக்கிறார். பின்னேரம் கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்! இப்போது சைரன் ஊதினால் நாங்கள் குளியலறைக் கதவு இடுக்குக்கு டேப் ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறோம், அவர் அங்கேயும் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு.

நீ எத்தனை தரம் வரச்சொன்னாய், அப்பாவைச் சாட்டி நான்தான் தட்டிக்கழித்தேன். இனிக் கழிக்கமாட்டேன், என்னை அங்கே கூப்பிட ஸ்பொன்சர் அலுவலைத் தொடங்கு பிள்ளை. நான் பெட்டி அடுக்கினால் அவரும் புறுபுறுத்துக்கொண்டு வருவார். வராவிட்டாலும் நான் வருவேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, கிருபனோடு கதைவழிப்பட்டுச் சண்டை பிடிக்காதே. இரண்டு பேரும் ஒரு குறையுமில்லாமல் நிறைய காலம் வாழவேண்டும். நான் கேட்டதைப் பற்றி ரெலிபோனில் மூச்சும் விடாதே, அப்பாவுக்கு நானே சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
பத்மாசனி ஆனந்தராசா