சோப்பு மேட்டில் ஆறு மணல் மூட்டைகள்

அனுப்புநர்
மூத்த செவிலியர்,
நடமாடும் மருத்துவப் பிரிவு,
கீழ் நிலையம்.

பெறுநர்
உயர்திரு துணை இயக்குநர் அவர்கள்,
வாகனப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: கல்குவாரிக் குடியிருப்புக்குச் செல்லும் புதிய எஸ்யூவி வாகனத்தின் பின்பகுதியில் மணல் மூட்டை ஏற்றும் உத்தரவை உடனே நிறுத்தக் கோருதல் – மண் ஏற்றத்துக்குப் பழைய பிக்கப் லாரியையே திரும்பத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மழைக்கால மணல் மூட்டைகள் குறித்த தங்கள் சுற்றறிக்கை. 2. ஓட்டுநருக்கு வழங்கப்பட்ட மெமோ.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புதன்கிழமைதோறும் குவாரிக் குடியிருப்புக்குச் செல்லும் மருத்துவ வாகனத்தில் முன் இருக்கை என்னுடையது. அந்த வாகனத்தின் ஓட்டுநர் என் கணவர். இதை வேறு யாரேனும் வந்து தங்கள் காதில் போடுவதற்கு முன் நானே சொல்லிவிடுவது முறை. இந்த மனுவை நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுத விட்டிருக்க மாட்டார்.

1. புதிய வாகனம் வந்த அன்று தாங்களே நேரில் வந்து, அதையும் பழைய பிக்கப்பையும் அடுத்தடுத்து ஓட்டச் செய்து ஒப்பிட்டுப் பார்த்தீர்கள். நெடுஞ்சாலையில் இரண்டும் ஒரே தூரம் ஓடின. முன்பலகையின் மேல் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைக்கப்பட்டது. எஸ்யூவியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பிக்கப்பில் தண்ணீர் மட்டுமல்ல, டம்ளரே பறந்து என் மடியில் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அன்று நனைந்த சேலையைப் பற்றி எனக்குப் புகார் ஏதும் இல்லை.

2. தார்ச்சாலையில் புதிய வாகனம் எல்லா வகையிலும் மேலானது என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். பிக்கப் பாரம் இல்லாமல் போனால் அதன் பின்பக்கம் குதியாட்டம் போடும். பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் முதுகெலும்பை ஒன்று விடாமல் எண்ணிக் காட்டும். வளைவில் சாயும். பிரேக் போட்டால் நின்று முடிப்பதற்குள் நமக்கு ஒரு வயது கூடிவிடும். எஸ்யூவியோ நூல் பிடித்தாற்போல் போகிறது. போன மாதம் கால் எலும்பு முறிந்த தொழிலாளி ஒருவரைத் தார்ச்சாலை வழியே கொண்டுபோனோம். அவர் வழியிலேயே தூங்கிவிட்டார். பிக்கப்பாக இருந்திருந்தால் அலறியிருப்பார். என் கணவரும் இந்த வண்டியின் மேல் உயிரையே வைத்திருக்கிறார். தினமும் அதன் முகப்பு விளக்கைத் துணியால் துடைத்துவிடுகிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் முகத்தை அவர் ஒரு முறையாவது அப்படித் துடைத்துவிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

3. ஆனால் எங்கள் பயணம் தார்ச்சாலையோடு முடிவதில்லை. குவாரி லாரிகளை எடை போடும் எடைமேடையைத் தாண்டியதும் களிமண் ஏற்றம் தொடங்குகிறது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் சோப்பு மேடு. வெயில் காலத்தில் அது வெறும் மண் சாலை. ஒரு தூறல் விழுந்தால் போதும், பெயருக்கு ஏற்றபடி ஆகிவிடும். ஒரு பக்கம் வெட்டிய பாறை. மறுபக்கம், வேலை நின்றுபோன பழைய குவாரிப் பள்ளம். அதில் தண்ணீர் நிற்கிறது. ஆழம் எவ்வளவு என்று குவாரிக்காரர்களைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். தாங்கள் ஒப்பிட்டுப் பார்த்த அன்று நேரமின்மையால் இந்த ஏற்றத்துக்கு வர இயலாமல் போயிற்று.

4. பிக்கப் இருந்த காலத்தில் இந்த ஏற்றத்துக்கென்று எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எடைமேடையில் எல்லோரும் இறங்கிவிடுவோம். டாக்டர் உட்பட யாருக்கும் விலக்கு கிடையாது. மருந்துப் பெட்டிகளோடு பாறை ஓரமாக நடந்து ஏறுவோம். ஓட்டுநர் மட்டும் தன் பக்கத்துக் கதவைத் திறந்து கயிற்றால் கட்டிவைத்துக்கொண்டு, முதல் கியரில், ஆள் நடக்கும் வேகத்தில் வண்டியை மேலே கொண்டுபோவார். கதவு எதற்காகத் திறந்திருக்கிறது என்று அவரிடம் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பிக்கப் பின்சக்கரங்களால் தள்ளிக்கொண்டு போகிற வண்டி. பின்னால் பாரம் இல்லாவிட்டால் சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் சும்மா சுற்றும். அதற்காகத்தான் ஆறு மணல் மூட்டைகளைப் பின்சக்கரங்களுக்கு நேர் மேலே போட்டு வந்தோம். அந்த வண்டிக்கு அது மிகச் சரியான ஏற்பாடு. அது வழுக்கியபோதெல்லாம் சத்தம் போட்டுச் சொன்னது. இருக்கை ஆடும், தகரம் கதறும், இன்ஜின் உறுமும். காது கேட்காதவருக்கும் ஆபத்து தெரிந்துவிடும்.

5. புதிய வண்டி வந்ததும் நடந்து ஏறும் வழக்கம் நின்றுபோனது. "இதுக்குத்தானே புது வண்டி வாங்கியிருக்கோம், ஏன் சிஸ்டர் சேத்துல நடக்கணும்?" என்றார் புதிதாக வந்திருக்கும் டாக்டர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது. கதவைத் திறந்து கட்டவும் வழியில்லை. வண்டி நகர்ந்ததும் எல்லாக் கதவுகளும் தாமே பூட்டிக்கொள்கின்றன. அந்தச் சின்ன "டக்" சத்தத்தை இப்போதெல்லாம் வீட்டில் சமையலறையில் நிற்கும்போதும் கேட்கிறேன்.

மழைக்காலம் நெருங்கியதும், மலைப் பாதையில் செல்லும் எல்லா வாகனங்களின் பின்பகுதியிலும் ஆறு மூட்டைகள் கட்டாயம் என்று தங்கள் சுற்றறிக்கை வந்தது. எங்கள் பாதுகாப்பை நினைத்தே அதை அனுப்பினீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஸ்டோர் பொறுப்பாளரை நாங்கள் சாவிக்கொத்து என்று அழைப்போம். அவர் வாசல் கேட்டில் நின்று மூட்டைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிய பிறகே வண்டியை வெளியே விடுகிறார். முதல் வாரம் என் கணவர் "மூட்டைய ஏத்தினா வண்டி மூக்கத் தூக்குது" என்று சொல்லி எடைமேடையிலேயே மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு மேலே போனார். ஈரத்தில் சக்கரம் கொஞ்சம் திணறியது, ஆனாலும் ஏறிவிட்டது. திரும்பும்போது மூட்டைகளை ஏற்ற மறந்து வெறும் வண்டியோடு கேட்டுக்கு வந்து சேர்ந்தார். சாவிக்கொத்து தன் கடமையைச் செய்தார். மெமோ வந்தது. மறுமுறை இப்படி நடந்தால் தற்காலிகப் பணிநீக்கம் என்று அதில் இருக்கிறது. அதன்பின் அவர் மூட்டையைத் தொடுவதே இல்லை.

6. சென்ற புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். காலையில் லேசான தூறல். வண்டியில் பின்னால் ஆறு மூட்டைகள், நடு இருக்கையில் டாக்டர், முன்னால் நானும் ஓட்டுநரும். மூன்றாவது வளைவில் வண்டி நின்றது. நின்றது என்றுதான் நான் நினைத்தேன். முன்பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது. அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் இன்ஜின் சத்தம் கூடவில்லை, குறைந்தது. ஜன்னலுக்கு வெளியே பாறை மெல்ல முன்னோக்கிப் போவதைப் பார்த்தேன். பாறை எங்கே போகும்? நாங்கள்தான் பின்னால் போய்க்கொண்டிருந்தோம்.

ஐயா, ஒரு சத்தமும் இல்லை. ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் தலை நிமிராமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக்கை முழுக்க அழுத்தியும் அந்தக் கனமான வண்டி வெண்ணெயில் வைத்த கத்தியைப் போல இறங்கியது. சாலை ஓரத்தில் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த கல்லில் பின்சக்கரம் முட்டி நின்றது. கல் பெயர்ந்து பள்ளத்தில் விழுந்தது. அது தண்ணீரில் விழும் சத்தம் உடனே வரவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் வந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ. இப்போது அந்த இடத்தில் கல் இல்லை. அடுத்த முறை சக்கரம் முட்டி நிற்க அங்கே எதுவும் இல்லை.

என் கணவர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "சும்மா கொஞ்சம் வழுக்கிடுச்சு சார், மண்ணு ஈரம்" என்று டாக்டரிடம் சிரித்தார். குவாரி ஆட்கள் வந்து கயிறு கட்டி வண்டியை மேலே இழுத்துவிட்டார்கள். அன்று மாலை வீட்டில் தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "பிக்கப்னா முன்னாடியே சொல்லிடும். இது சொல்லவே மாட்டேங்குது" என்றார். இவர் பயந்து நான் பார்த்ததில்லை. என் பிரசவத்தின்போதுகூட வெளியே நின்று அடுத்தவர்களோடு கதையடித்துக்கொண்டிருந்தவர்.

7. மறுநாள் பட்டறை போர்மேனிடம் போய் விவரம் கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். "முன்சக்கரம் இழுக்கிற வண்டிக்கு வால்ல யாராவது மூட்டை கட்டுவாங்களா சிஸ்டர்?" என்றார். வண்டியின் உயரத்தையும் அகலத்தையும் பார்த்து நான்கு சக்கரமும் இழுக்கும் என்றே நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். எங்களுக்கு வந்திருக்கும் வண்டியில் முன்சக்கரங்கள் மட்டும்தான் இழுக்குமாம். ஏற்றத்தில் பாரம் தானாகவே பின்னால் சாய்கிறது. வாலில் ஆறு மூட்டைகளும் சேர்ந்தால் முன்சக்கரங்கள் மண்ணை அழுத்திப் பிடிக்க வழியில்லை. சக்கரம் வழுக்குவதை உணர்ந்தால் இன்ஜின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நனைந்த தார்ச்சாலையில் அது உயிரைக் காக்கும் ஏற்பாடு. களிமண் ஏற்றத்தின் நடுவில் அதுவே மூச்சை நிறுத்திவிடும். டயர்களும் வழவழப்பான சாலைக்கானவை. பிக்கப்பைக் காப்பாற்றிய அதே மூட்டைகள்தான் இந்த வண்டியைப் பள்ளத்துக்கு இழுக்கின்றன. எந்த ஏற்றம் என்று நான் சொன்னதும் போர்மேன் சிரிப்பை நிறுத்திவிட்டார். எழுதித் தரும்படி கேட்டேன். "எனக்கும் ஒரு மெமோ வரணுமா?" என்று கேட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார்.

8. வெள்ளிக்கிழமை தங்கள் அலுவலகம் வந்தேன். தாங்கள் சுற்றுப்பயணத்தில் இருப்பதாகவும், புதன்கிழமை காலை இருக்கைக்கு வருவீர்கள் என்றும், சுற்றறிக்கையை வேறு எவரும் மாற்ற முடியாது என்றும் எழுத்தர் தெரிவித்தார். டாக்டரிடம் சொன்னேன். டிரைவருக்கு ஓய்வு தேவைப்படலாம் என்றார். என் கணவரிடம் நாளை போக வேண்டாம் என்று சொன்னேன். "நான் போகலன்னா வேற ஒருத்தன அனுப்புவாங்க. அவனுக்கு அந்த மூணாவது வளைவு தெரியாது" என்றார். போகாமல் இருந்துவிடு என்று என் மனசாட்சியும் சொல்ல மாட்டேன் என்கிறது. நாளை மேலே குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாள். நிறைமாதமாக இருக்கும் பெண் ஒருவரும் இருக்கிறார். கால்கள் வீங்கியிருப்பதாகப் போன வாரமே சொன்னார். அவரை நாளை நான் பார்த்தே ஆக வேண்டும்.

எனவே தங்களிடம் பணிந்து கேட்பது இவ்வளவுதான். புதிய வாகனத்துக்கு மட்டும் மணல் மூட்டை உத்தரவை இன்றே, இப்போதே நீக்க வேண்டும். அது எடைமேடை வரை வரட்டும். தார்ச்சாலையில் அதற்கு ஈடு இல்லை. மேட்டில் ஏற, பட்டறைக்குப் பின்னால் பேட்டரி கழற்றி ஏலத்துக்காக நிறுத்தி வைத்திருக்கும் பிக்கப்பை மூட்டைகளோடு எங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். எந்த வண்டியானாலும், ஏற்றத்தில் ஓட்டுநரைத் தவிர எவரும் அமரக் கூடாது என்று தங்கள் கையொப்பத்தோடு ஓர் உத்தரவு வேண்டும். நான் சொன்னால் டாக்டர் இறங்க மாட்டார். மழைக்காலம் முடிந்து மண் காய்ந்த பிறகு, இரு வண்டிகளையும் சோப்பு மேட்டிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தச் சோதனைக்கு டம்ளர் தேவைப்படாது.

நாளை காலை தாங்கள் இருக்கையில் அமரும்போது எங்கள் வண்டி கேட்டைத் தாண்டியிருக்கும். ஆகவே ஒன்று செய்யப்போகிறேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். எடைமேடையில், தடுப்பூசிப் பெட்டியின் குளிர் குறைந்துவிட்டது, ஐஸ் மாற்ற வேண்டும் என்று சொல்லி வண்டியை நிறுத்துவேன். குளிர் குறைந்திருக்காது. அரை மணி நேரம் வரை அந்தப் பொய்யை என்னால் இழுக்க முடியும். நான் பொய் சொன்னால் என் கணவருக்கு உடனே தெரிந்துவிடும். தெரிந்தும் அவர் என்னை அவசரப்படுத்தாமல் நின்றால், அவரும் தங்கள் அழைப்புக்காகத்தான் காத்திருக்கிறார் என்று புரிந்துகொள்வேன். எடைமேடையில் தொலைபேசி இருக்கிறது. அதற்கு மேல் கைபேசிக்கு சிக்னல் கிடையாது. மூட்டைகளை இறக்கு என்று தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குப் பிறகு எனக்கு எந்த மெமோ தந்தாலும் இரு கையாலும் வாங்கிக்கொள்கிறேன்.

மணி அடிக்கும் என்று நம்பி நிற்கும்,

(ஒப்பம்)
மூத்த செவிலியர்

இடம்: கீழ் நிலையம்
நாள்: செவ்வாய்க்கிழமை, மாலை

பின்குறிப்பு: மனுவை மடிக்கும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். மதியத்திலிருந்து மழை விடவில்லை. நாளைக்கான மூட்டைகளைச் சாவிக்கொத்து இப்போதே வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஸ்டோர் கூரை ஒழுகி மணல் நன்றாக ஊறியிருக்கிறது போலும். வழக்கமாக ஒருவர் தூக்கும் மூட்டையை இருவர் தூக்குகிறார்கள். அவர் எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார். எண்ணிக்கை ஆறுதான்.