தையல் பிரிக்கிற நாள்

இடது மார்பை எடுத்துப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. போடிமெட்டிலிருந்து இறங்கிய பனிமூட்டம் ஏலக்காய் வாசனையோடு ஜன்னல் வழியே மிதந்து வந்தது. விழித்துவிட்டோமா, இன்னும் கனவில்தான் நடக்கிறோமா என்று ஜக்கம்மாளுக்குப் புரியவில்லை. புருஷன் பிச்சைமணி தூங்கிக்கொண்டிருந்தார். நேற்று அவள் கட்டு மாற்றச் சொன்னபோது, காயத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனவர். அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து எழுதினாள்:

"தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போறேன். மதினி கூட வர்றாக. குழம்பு அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுக்கங்க. எடக்கையால நான் குடம் தூக்கக் கூடாதாம். தண்ணி நீங்கதான் எடுக்கணும்."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, தாளின் அடியில் நுணுக்கி எழுதினாள்:

"புண்ணு காஞ்சு வருது, சீழ் இல்லைன்னு நர்சம்மா சொன்னாக. நீங்க பயந்துட்டீகன்னு தெரியும். நானும் இன்னும் குனிஞ்சு பாக்கல. வெரசா வந்துர்றேன். ரெண்டு பேரும் சேந்து பாப்போம்."

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, பிச்சைமணி முழங்கைவரை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"உக்காரு ஆத்தா," என்றார்.